அழாத இரண்டு பேர்

பகல் மூன்று மணிக்குத் தாசில்தார் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

அரசாங்கத் தாசில்தார் அல்ல. ஒரு முழ நீளப் பச்சோந்தி. ஏமன் நாட்டு வகை. வளர்ப்பதற்கு முறையான பதிவுக் காகிதம் உண்டு. ஓரடி எடுத்து வைக்குமுன் மூன்று தடவை யோசிக்கிற பிராணி என்பதால் ஜெகதீஸ்வரன் அதற்கு அந்தப் பெயரை வைத்தான். பெயர் வைத்தவன் மார்ச் மாதம் புளியரை மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து இறந்துபோனான். இப்போது கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில் மாலை போட்ட படமாக இருந்துகொண்டு அதையே பார்த்தபடி இருந்தான்.

குற்றாலத்தில் சாரல் பிடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த அறைக்குள் பகலிலும் வெளிச்சமில்லை. அருவியின் இரைச்சல், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்குவதுபோல ஓயாமல் கேட்டது.

"பகல்லயே தூங்குதாரு. அப்ப அசல் தாசில்தார்தான்" என்றான் ஜெபசிங்.

"பச்சோந்தி பகல்ல கண்ண மூடுச்சின்னா அது தூக்கம் இல்லலே. நோக்காடு" என்றாள் பாலம்மாள்.

பாலம்மாள் முப்பது வருடம் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது தென்காசியில் மாட்டு இன்சூரன்ஸ் புகார்களைத் துப்பறிவது தொழில். ஒரே காளையை மூன்று ஊரில் மூன்று தடவை சாகடித்த ஒருவனை, அந்தக் காளையின் கொம்பில் இருந்த ஒரு கீறலை வைத்துப் பிடித்தவள். ஜெபசிங் அவளுக்கு ஓட்டுநர், போட்டோகிராபர், வாய். நாற்பத்தைந்து வயது, ஐந்தடிக்கு ஓரங்குலம் அதிகம். செத்த மாட்டைக்கூட நல்ல கோணத்தில் எடுப்பவன் என்று பெயர் வாங்கியிருந்தான்.

அறை வாசலில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. குற்றாலிங்கம் நின்றிருந்தார். இந்த வீட்டின் தலைவர். எழுபத்தொரு வயது, ஆறடி உயரம். கோயிலில் முதல் மரியாதை பெறும் குடும்பம். கண்புரை எடுத்த பிறகு போட்ட தடித்த கறுப்புச் சட்டக் கண்ணாடியைத் தூங்கும்போது மட்டுமே கழற்றுவார். நாற்காலி இருக்கும் இடத்திலும் நிற்கிற மனிதர்.

"அந்த ஓணானப் பாக்க உங்கள நான் கூப்பிடல."

"தெரியும் அண்ணாச்சி. ஆனா இந்த வீட்ல பொய் சொல்லத் தெரியாதது அது ஒண்ணுதான்."

குற்றாலிங்கம் கூப்பிட்டது வேறு காரியத்துக்கு.

பதினொரு நாளாக அந்த வீடு அழுதுகொண்டிருந்தது. துக்கத்தினால் அல்ல, துக்கம் மூன்று மாதப் பழசு. ஜூன் பன்னிரண்டாம் தேதி ஜெகதீஸ்வரனுக்கு மூன்றாம் மாசிகம் கொடுத்தார்கள். அன்று மாலையும் வழக்கம்போல ஆறு மணிக்கு இந்த அறையில் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, ஏழு மணி வரை உட்கார்ந்திருந்தார்கள். இரவு பத்து மணிக்கு ஒவ்வொருவருடைய கண்ணும் மணலை அள்ளிப் போட்டதுபோல எரிந்து, தாரையாக வழிந்தது. மார்ச் மாதம் சாவுச் செய்தி வந்ததும் இரவு பத்து மணிக்குத்தான். மறுநாளும் பத்து மணி. அதற்கு மறுநாளும். பன்னிரண்டாம் தேதியிலிருந்துதான் தாசில்தாரும் கண் திறக்கவில்லை. பெரிய வீட்டில் செத்தவன் வந்து எல்லார் கண்ணிலும் அழுகிறான் என்று குற்றாலம் முழுக்கப் பேச்சு.

"எல்லார் கண்ணுலயும் இல்ல" என்றாள் சங்கரேஸ்வரி. குற்றாலிங்கத்தின் மூத்த மகள். தம்பியின் சாவுக்கு வந்தவள் இன்னும் புருஷன் வீடு திரும்பவில்லை. அவளுடைய கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. "எங்கம்மா அழுதா, நான் அழுதேன், சமையல்காரி அழுதா. இவ கண்ணு மட்டும் காஞ்சு கெடக்கு. எந்தம்பிக்கு யாரு மேல கோவம்னு இதுக்கு மேலயும் ஒருத்தர் வந்து சொல்லணுமா?"

இவள் என்றது ஜெகதீஸ்வரனின் மனைவி ஸ்ரீமதியை. இருபத்தொன்பது வயது. தென்காசியில் பள்ளி ஆசிரியை. கையில் ஒரு நோட்டோடு கூண்டின் ஓரமாக நின்றாள். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய கண்கள் தெளிவாக இருந்தன. அந்தத் தெளிவுதான் அவள் செய்த குற்றம்.

"வீட்ல அழாதது இவ ஒருத்திதானா?" என்று கேட்டாள் பாலம்மாள்.

குற்றாலிங்கம் நின்ற வாசல் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

சங்கரேஸ்வரி காரியத்தை முடித்துவைத்திருந்தாள். திருவேங்கடத்திலிருந்து ஸ்ரீமதியின் அண்ணன் புவனேஷை ஆறு மணிக்குக் கார் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியாயிற்று. இந்தப் பழியைச் சுமந்துகொண்டு ஒரு பெண் இந்தப் படியிறங்கினால், பிறகு அவள் திரும்பி ஏறுவதற்கு ஊர் படி வைக்காது. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். குற்றாலிங்கம் அதைத் தடுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. பாலம்மாளுக்கு மட்டும் ஆள் அனுப்பினார்.

"ஆறு மணிக்குள்ள எனக்குப் பேரு வேணும்" என்றார். "பேய் பிசாசெல்லாம் நான் நம்புதவன் இல்ல. இந்த வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே எவனோ எவளோ வேல பாக்குதாங்க. வீட்டு மானத்தச் சந்தி சிரிக்க வச்சது யாரா இருந்தாலும், எம் பிள்ளையாவே இருந்தாலும், இன்னைக்கே இந்த வாசலுக்கு வெளிய."

"சரி அண்ணாச்சி" என்றாள் பாலம்மாள். பிறகு கூண்டின் பக்கம் திரும்பினாள். "ஜெபா, நாலு பேரு மேல சந்தேகம்."

"வீட்ல அஞ்சு பேரு இருக்காவளே அக்கா."

"வீட்டாள் இல்லலே. தாசில்தாரு கண்ணக் கெடுத்தவன். தாகம், தீனி, தூசி, வெளிச்சம். பச்சோந்திக்குக் கண்ணு போச்சுன்னா இந்த நாலு பேருல ஒருத்தன்தான் செஞ்சிருப்பான்."

"நாலு பேரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிருவமா?"

பாலம்மாள் குனிந்தாள். செம்பருத்திச் செடியை உள்ளே வைத்துக் கூண்டு கட்டியிருந்தார்கள். தாசில்தார் மேல் கிளையில் இல்லை. அடிக்கிளையில், ஓர் இலைக்குப் பின்னால் பதுங்கியதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. பச்சை எல்லாம் போய் நனைந்த விறகின் நிறத்தில் இருந்தது. கோபுரம்போல எழும்பிச் சுழல வேண்டிய இரண்டு கண்களும் வீங்கி, ஒட்டிப்போயிருந்தன.

"தாகமா இருந்தா கண்ணு குழி விழுந்திருக்கும். இது வீங்கியிருக்கு. எச்சம் என்ன நெறம்மா?"

"வெள்ளையாத்தான் இருக்கு" என்றாள் ஸ்ரீமதி. "மஞ்சளா இருந்தா தண்ணி பத்தலன்னு அவிய சொல்லுவாவ. காலையிலயும் சாயங்காலமும் தண்ணி தெளிக்கேன். முன்னெல்லாம் கண்ணுல தண்ணி பட்டதும் உருட்டி உருட்டி அதுவே கழுவிக்கிடும். இப்ப உருட்டவே மாட்டேங்கு."

"ஒருத்தன் விடுதலை" என்றான் ஜெபசிங்.

"தீனி?"

ஸ்ரீமதி நோட்டை நீட்டினாள். எந்தக் கிழமை எத்தனை சிள்வண்டு, எந்த வாரம் சுண்ணாம்புச் சத்துப் பொடி, எந்த வாரம் வைட்டமின் ஏ கலந்த பொடி, எல்லாம் எழுதியிருந்தது. கணவன் தொடங்கிய நோட்டு. மார்ச் பதினான்காம் தேதிக்குப் பிறகு கையெழுத்து மட்டும் மாறியிருந்தது. ஒரு நாள்கூட விடுபடவில்லை.

"சத்துக் கொறைவுலயும் கண்ணு வீங்கும். ஆனா அது மாசக்கணக்கா மெல்ல மெல்ல வரும். இது ஒரே நாள்ல வந்திருக்கு. தோல் உரிச்சது எப்பம்மா?"

"மே மாசம்."

"அப்ப உரிஞ்ச தோலும் உள்ள மாட்டல. தூசி, பொடி விழுந்திருந்தாலும் ஒரு கண்ணுலதான் விழும். இது ரெண்டு கண்ணும். அதுவும் மனுஷங்களுக்கு வந்த அன்னைக்கே." பாலம்மாள் நிமிர்ந்தாள். "மேல் கெளைக்கு ஏன் போவ மாட்டேங்கு?"

"முன்னால அங்கனதான் இருக்கும். பன்னெண்டாம் தேதியில இருந்து கீழயே கெடக்கு. படம் மேல இருக்கதால அவியளப் பாத்துப் பயப்படுதுன்னு மதினி சொல்லுதாங்க."

மேல் கிளைக்கு நேர் மேலே படம் இல்லை. கூண்டின் மேல்வலையில் ஓரடி நீள ட்யூப்லைட் ஒன்று மூடியோடு வைக்கப்பட்டிருந்தது. வெயில் இல்லாத ஊரில் வெயிலுக்குப் பதிலாக வைக்கிற விளக்கு.

"இது பகல் பூரா எரியணுமே. ஏன் அணைச்சிருக்கு?"

"அவிய இருந்த வரைக்கும் காலையில ஆறுக்குப் போட்டு சாயங்காலம் ஆறுக்கு அணைப்பாவ. பெறவு..." ஸ்ரீமதி நிறுத்தினாள்.

"ஓணானுக்கு எதுக்கு நாள் பூரா கரண்டுன்னு நான்தான் சொன்னேன்" என்றாள் சங்கரேஸ்வரி. "விளக்கேத்துத நேரம் ஒரு மணி நேரம் போட்டாப் போதாதா? அதுவும் நடுவுல நாலு நாள் எரியாமக் கெடந்துட்டு, பன்னெண்டாம் தேதி தானா எரிஞ்சுது."

"ஜெபா, அந்த மூடியக் கழட்டு."

ஜெபசிங் எம்பிப் பார்த்தான். எட்டவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறினான். "அக்கா, மூடிக்கு மேல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. கீழ நின்னா தெரியாது."

அதில் நீல மையில் எழுதியிருந்தது: மாற்ற வேண்டிய நாள், ஜூன் 12.

ஸ்ரீமதியின் முகம் வெளுத்தது. "அவிய எழுத்து. இத நான் பாத்ததே இல்ல."

"இந்த மாதிரி ட்யூப் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், ஆனா ஆறு மாசத்துல சத்து போயிரும். அதான் தேதி போட்டிருக்காரு" என்றாள் பாலம்மாள். ஜெபசிங் கழற்றிக் கொடுத்த ட்யூபை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பினாள். வழக்கமான பால்வெள்ளை இல்லை. வெறும் கண்ணாடி, இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. ஓரத்தில், உத்தரவாதத்துக்காகக் கடைக்காரர்கள் எழுதுவதுபோல, அழியாத மையில் ஒரு கிறுக்கல்: ரபீக், தென்காசி, 10-6.

"இது ஜெகதீஸ்வரன் போட்டதில்ல. பன்னெண்டு நாளைக்கு முந்தி வாங்கினது. யாரு மாட்டினா?"

சமையல்காரி, தான் இல்லை என்று தலையாட்டினாள். சங்கரேஸ்வரி ஸ்ரீமதியைப் பார்த்தாள். ஸ்ரீமதி, "நான் இல்ல" என்றாள். குற்றாலிங்கம் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு மழையைப் பார்த்தார்.

அவர்கள் கிளம்பும்போது உலகம்மாள் பின்னாலேயே வந்தாள். குற்றாலிங்கத்தின் மனைவி. அந்த வீட்டில் குரலை உயர்த்தாத ஒரே ஆள்.

"ஒரு சங்கதி சொல்லணும்மா. செவ்வாக்கிழமை ஒரு நாள் மட்டும் எனக்கு எரியல. அன்னைக்கு நான் பதிகம் படிச்சேன். அதுக்குக் கட்டுப்பட்டுட்டான் எம் பிள்ள."

"மத்த நாள் படிக்கலியா ஆச்சி?"

"மத்த நாள் கண்ண மூடாம படத்தப் பாத்துக்கிட்டு மனப்பாடமாச் சொல்லுவேன். அன்னைக்குப் புதுப் பதிகம். புஸ்தகம் வச்சு ஒரு மணி நேரமும் படிச்சேன்."

"சங்கரேஸ்வரிக்கு அன்னைக்கு எரிஞ்சுதா?"

"அவளுக்கு எரிஞ்சுது."

பாலம்மாள் கழற்றிய ட்யூபோடு வேனில் ஏறினாள்.

* * *

தென்காசிக்குப் போகும் சாலையில் மழை திரையாக விழுந்தது. ஜெபசிங் கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினான். அவனால் அதற்கு மேல் முடியாது.

"ராத்திரி பத்து மணின்னதும் எனக்கு எந்தங்கச்சி மாப்பிள்ள நெனப்பு வந்துட்டு அக்கா. செங்கோட்டையில வெல்டிங் பட்டறை வச்சிருக்கான். கல்யாணமான புதுசுல ராத்திரி ஆனா கண்ணீர் விட்டு அழுவான். தன் மேல உள்ள பாசத்துல அழுதாருன்னு இவ தெரு பூரா சொல்லிட்டா. கடைசியில பாத்தா..."

"வண்டிய நிறுத்துலே."

வேன் ஓரமாக நின்றது.

"கடைசியில பாத்தா?"

"கண்ணாடி போடாம வெல்டிங் வச்சிருக்கான். வேல பாக்கும்போது ஒண்ணும் செய்யாது. நாலு மணி நேரம் கழிச்சுத்தான் மணல் அள்ளிப் போட்ட மாதிரி..." ஜெபசிங்கின் கை ஸ்டியரிங்கிலேயே நின்றது. "ஆறு மணிக்கு வெளக்கு. பத்து மணிக்கு எரிச்சல்."

"யாருக்கு எரியல?"

"ஸ்ரீமதிக்கு."

"கண்ணாடி போட்டிருக்கா. வேற?"

"யாரும் சொல்ல மாட்டேங்காவளே. பெரியவருக்கு. அவரும் கண்ணாடி."

"ஆச்சி?"

"ஆச்சிக்கு எரிஞ்சுதே. செவ்வாக்கிழமை மட்டும்..." அவன் வாயைப் பிளந்தான். "புஸ்தகம் படிக்கக் கண்ணாடி போட்டிருப்பாவ. அப்ப ஆச்சியக் காப்பாத்தினது பதிகம் இல்ல, சோடாபுட்டியா?"

"ஆச்சிகிட்டப் போய் அப்படிச் சொல்லிராத. பதிகம் படிக்கத்தான கண்ணாடி போட்டாவ."

"அப்ப பேய் இல்லங்கீய."

"ட்யூபுக்குள்ள இல்ல" என்றாள் பாலம்மாள். "அத மாட்டினவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு இன்னும் தெரியல. ஓட்டு."

முகம்மது ரபீக்கின் கடை கோயிலுக்குப் பின்புறச் சந்தில் இருந்தது. வீட்டுக் குடிநீர் மெஷின்களும் அவற்றுக்கான உதிரிகளும் விற்கிற கடை. அவர் கடையநல்லூர்க்காரர், இங்கே கடை போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ட்யூபை வாங்கிப் பார்த்ததும் தலையசைத்தார்.

"என் எழுத்துதான். தண்ணி மெஷினுக்குள்ள போடுததுலா இது. கிருமியக் கொல்லும். மூடின தகரக் குழாய்க்குள்ளதான் எரியணும். வெளிய வச்சு எரிச்சா கண்ணு என்னத்துக்காவும்?"

"எட்டுக் கண்ணு எரிஞ்சுட்டு, தாசில்தாரையும் சேத்து" என்றான் ஜெபசிங்.

"யாருக்குக் குடுத்தீய பாய்?"

"பேரு சொல்லல. ஒரு பெரியவர். கடைக்குள்ள வரல, படிக்குக் கீழயே குடை பிடிச்சுக்கிட்டு நின்னாவ. நான்தான் எறங்கிப் போனேன். மொகம் சரியாத் தெரியல. பழைய ட்யூப் ஒண்ணக் குடுத்து, இதே நீளம், இதே கால் உள்ளது வேணும்னாவ. எதுக்குன்னு கேட்டேன். கேட்டதக் குடும்னாவ. நெல்லையில இருந்து வரவழைச்சு ரெண்டு நாள் கழிச்சுக் குடுத்தேன். அளவு அச்சு மாறாம அதேதான். ஆனா வேல வேற." ரபீக் சங்கடத்தோடு கையைப் பிசைந்தார். "பச்சோந்திக் கூண்டுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இதத் தொட்டிருப்பனா?"

"வேற என்ன சொன்னாவ?"

"பழைய ட்யூபப் போட்டுப் பாத்தேன். நல்லாத்தான் எரிஞ்சுது. இது எரியுதே, எதுக்கு மாத்துதீயன்னேன். 'தேதி வந்துட்டு'ன்னாவ. பழசப் பழைய சாமானுக்குப் போட்டுருதேன்னு சொன்னதும் குரல் மாறிட்டு. எறியாதே, நான் வந்து வாங்கிக்கிடுதேன்னாவ. இன்னும் வரல."

"அதக் காட்டுங்க."

ரபீக் உள்ளேயிருந்து ஒரு பொதியை எடுத்து வந்தார். வெள்ளைப் பட்டுத் துணி, மெல்லிய சிவப்புக் கரை, ஒரு மூலையில் காய்ந்த சந்தனம். அதற்குள் பால்வெள்ளை ட்யூப். பிள்ளையைச் சுற்றுவதுபோலச் சுற்றியிருந்தது.

ஜெபசிங் ஏதோ சொல்ல வந்தவன் துணியைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பாலம்மாளோடு சேர்ந்த இத்தனை வருடத்தில் அவன் பாதியில் நிறுத்திய முதல் பேச்சு அது.

அது பரிவட்டம். கோயிலில் முதல் மரியாதையாகத் தலையில் கட்டுகிற துணி. அதை வாங்குகிற தலை குற்றாலத்துப் பெரிய வீட்டில் ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா" என்றான் ஜெபசிங் மெல்ல. "நம்மள வேலைக்கு வச்சதே அவருதான."

பாலம்மாள் துணியை மடித்து, ரபீக்கிடம் ஒரு செய்தித்தாள் வாங்கி, ட்யூபோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினாள். கடிகாரம் ஐந்தரையைத் தாண்டியிருந்தது.

* * *

பெரிய வீட்டு வாசலில் புவனேஷின் வெள்ளைக் கார் நின்றது. படியில் ஸ்ரீமதியின் பெட்டி. அறைக்குள் விளக்கு ஏற்றியாகிவிட்டது. அந்தச் சின்னச் சுடரில் ஜெகதீஸ்வரனின் படம் மூச்சு விடுவதுபோல அசைந்தது. எல்லாரும் அதைப் பார்த்தபடி, இன்றைக்கும் பத்து மணி வரும் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். குற்றாலிங்கம் மட்டும் வாசலில் நின்றார்.

"இன்னைக்கு யாருக்கும் எரியாது" என்றாள் பாலம்மாள். "எரிய வச்சத நான் எடுத்துட்டுப் போயிட்டேன்."

சுருக்கமாகச் சொன்னாள். ட்யூப், அதன் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், நான்கு மணி நேரத் தாமதம், மூக்குக்கண்ணாடி. செவ்வாய்க்கிழமைப் பதிகத்தைச் சொன்னபோது உலகம்மாள் தன் மடியிலிருந்த கண்ணாடியை எடுத்துத் தடவிப் பார்த்தாள்.

"கண்ணாடி போட்டவங்க அழல. ஸ்ரீமதி மேல ஒரு குத்தமும் இல்ல. தாசில்தாருக்குக் கண்ணாடி இல்ல, எலைக்குப் பின்னால ஒளிஞ்சு பாத்துச்சு."

"நாள் பூரா எரிய விட்டிருந்தா அது என்னைக்கோ செத்திருக்கும்" என்று ஜெபசிங் சங்கரேஸ்வரியைப் பார்த்துச் சொன்னான். "நீங்க கரண்டு மிச்சம் பிடிச்சதுலதான் உயிரோட கெடக்கு மதினி."

சங்கரேஸ்வரி அதற்கு மயங்கவில்லை. "இருக்கட்டும். அந்த ட்யூப மாட்டினது யாரு? இந்தக் கூண்டுல கை வைக்கிதது இந்த வீட்ல ஒருத்திதான்."

மறுபடியும் எல்லாருடைய பார்வையும் ஸ்ரீமதியின் மேல் போய் நின்றது. புவனேஷ் தங்கையின் கையைப் பிடித்தான்.

பாலம்மாள் செய்தித்தாள் பொதியைக் குற்றாலிங்கத்திடம் நீட்டினாள். "பேரு கேட்டீய அண்ணாச்சி. இதுல இருக்கு."

அவர் சொல்லாவிட்டால் தானே சொல்லிவிடுவது என்று அவள் வழியிலேயே தீர்மானித்திருந்தாள். ஆனாலும் அந்த வயதுக்கும் அந்த முதுகுக்கும் ஒரு நிமிஷம் கொடுக்கத் தோன்றியது.

பெரியவர் நூலை அவிழ்த்தார். தாள் விலகியதும் சிவப்புக் கரை தெரிந்தது. அவருடைய விரல்கள் நின்றன. மூடிவிட்டால் போதும், அந்த வீட்டில் அவரைக் கேள்வி கேட்க ஆள் கிடையாது. அவருக்கும் அது தெரியும்.

"நான்தான் மாட்டுனேன்" என்றார்.

"அப்பா" என்றாள் சங்கரேஸ்வரி.

"இந்த ஓணான் வீட்டுக்குள்ள இருக்க வரைக்கும் உங்கூடப் பேச மாட்டேன்னு அவன்கிட்டச் சொன்னேன். ரெண்டு வருஷம் பேசல. அவனும் அத வெளிய விடல, நானும் எறங்கி வரல. போயிட்டான்." அவர் படத்தைப் பார்க்கவில்லை, கூண்டின் மேல்பக்கத்தைப் பார்த்தார். "தேதிய எழுதி மேல ஒட்டியிருந்தான். இந்த வீட்ல அது என் உயரத்துக்குத்தான் தெரியும். எனக்குன்னு எழுதி வச்சிருக்கான்னு நெனச்சேன். நீங்கள்ளாம் படித்துறைக்குப் போன பெறவு மாட்டுனேன். கடையில போயி ஓணானுக்கு வேணும்னு சொல்ல எனக்கு வாய் வரல. அந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருந்தா..."

பரிவட்டத்தை உலகம்மாளின் மடியில் வைத்தார். அறையை விட்டு வெளியேறி, கூடத்தைத் தாண்டி, படியிறங்கி, மழையில் நடந்தார். வாசலுக்கு வெளியே போய், தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். பகலில் வாயால் சொன்னதை மாலையில் காலால் செய்தார். கூப்பிட ஒருவருக்கும் துணிவு வரவில்லை. உலகம்மாள் மட்டும், "இந்த மனுசன் நனைஞ்சே செத்துருவாரு" என்று முணுமுணுத்தாள். அவளாலும் வாசலைத் தாண்ட முடியவில்லை.

தாண்டியவள் ஸ்ரீமதி. கையில் கூண்டு. முதலில் பாலம்மாளிடம் திரும்பிக் கேட்டாள்: "கண்ணு வந்துருமாக்கா?"

"நான் டாக்டர் இல்லம்மா. ஆனா தினம் ஒரு மணி நேரந்தான் பட்டிருக்கு, எலை மறைச்சிருக்கு. நெல்லையில நான் சொல்லுத டாக்டரு எட்டரை வரைக்கும் இருப்பாரு. இன்னைக்கே மருந்து விட்டா வழியுண்டு. பெறவு சரியான ட்யூப், காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும்."

ஸ்ரீமதி தலையாட்டினாள். அண்ணனிடம் காரை எடுக்கச் சொன்னாள். வாசலுக்கு வெளியே போய், மாமனாரின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"மாமா."

அவர் திரும்பவில்லை.

"நெல்லைக்குப் போயிட்டு வரணும். ஒண்ணரை மணி நேரம். கூண்டு குலுங்கக் கூடாது. மடியில வச்சுக்கிட ஒரு ஆள் வேணும்."

"சமையல்காரி இருக்காளே."

"அவளுக்குக் கண்ணு எரியுது மாமா. கண்ணு நல்லா இருக்கது நாம ரெண்டு பேருதான்."

பெரியவர் திரும்பி, குடையில்லாத மழையில் கூண்டை வாங்கிக்கொண்டார். கார்க் கதவை ஜெபசிங் திறந்துவிட்டான். தென்காசிக் கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். விளக்குப் போடுகிற நேரம், ஊரே தெருவில் இருக்கும். முன்சீட்டில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில், அவர் ஏறி உட்கார்ந்து கூண்டை மடியில் நிறுத்தினார்.

புவனேஷ் வண்டியைக் கிளப்பினான். முன்சீட்டுக் கதவின் கண்ணாடி இறங்கியிருந்தது. பின்சீட்டில் இருந்தவளிடம் குற்றாலிங்கம் கேட்பது பாலம்மாளின் காதில் விழுந்தது.

"அவன் இதுகிட்டப் பேசுவானாமே. உங்க அத்த சொல்லுவா. என்ன பேசுவான்?"

ஸ்ரீமதி முன்சீட்டின் பக்கம் சாய்ந்தாள்.

"உங்ககிட்டப் பேச வேண்டியத எல்லாம், மாமா."

கார் நகர்ந்தது. பெரியவர் குனிந்து கூண்டின் வலைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார். அவர் என்ன சொன்னார் என்பது மழையில் கேட்கவில்லை.